தலை தட்டாத படி

தவில்காரர் கலைவாணன் காரின் டிக்கியைத் திறந்ததும் துர்காவுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே ஒரு சப்வூஃபர் பெட்டி எருமைக்கன்று மாதிரி படுத்திருந்தது. முகத்தில் கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

"நான் வாசிச்சதயே போட்டுக் கேக்கறேன்மா. தவிலோட இடந்தலைல ஒரு அடி விழுந்தா தும்ம்ம்னு இழுத்துக்கினே போவுது. நான் அப்படியா வாசிக்கிறேன்?"

"ஓட்டை வெச்ச பெட்டி சத்தத்தத் தூக்கிக் குடுக்கும் ஐயா. ஆட்டம் போடறவங்களுக்கு அதான் சரி. உங்களுக்கு ஓட்டையே இல்லாத மூடின பெட்டி. சத்தம் கொஞ்சம் கொறையும், ஆனா அடி விழுந்த எடத்துல நிக்கும்."

தைரியமாகத்தான் சொன்னாள். ஆறு வருஷம் கண்டவர் கடையில் ஒயர் இழுத்துவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் சொந்தமாகக் கார் ஸ்பீக்கர் கடை போட்டு மூன்று மாதம்தான். ஊர் மேளக்காரர்கள் அத்தனை பேரும் கலைவாணன் சொல்லைக் கேட்பவர்கள். அவர் தலையாட்டினால் கடை நிற்கும். இல்லையென்றால் மறுபடியும் ஒயர் இழுக்கப் போக வேண்டியதுதான்.

ஸ்பீக்கரோடு வந்த தாள், பெட்டியின் உள்ளளவு இருபத்தெட்டு லிட்டர் என்றது. சீட்டுக்குத் தக்கபடி முதுகு சாய்வு, சக்கரத்துக்காக ஒரு மூலை வெட்டு. கணக்குப் போட்டால் ஒவ்வொரு தடவையும் வேறொரு விடை வந்தது. துர்கா தாமல் கிராமத்துக்காரி, விவசாயக் குடும்பம்; கணக்கு ஒத்துவராவிட்டால் நெல்லைக் கொட்டி அளந்துவிடலாம் என்று தோன்றியது. பெட்டியை அறுத்து ஒட்டி ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். அம்மா ஜெயம்மாள் லிட்டர் படியால் நெல்லை அளந்து, ஸ்பீக்கருக்கு விட்ட வாய் வழியாகக் கொட்டினாள். "லாபம், ரெண்டு, மூணு..." இருபத்தெட்டில் கச்சிதமாக நிறைந்தது. துர்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் புதுப் பெட்டியைக் காரில் பூட்டிப் பாட்டைப் போட்டாள்; கலைவாணன் கண்ணை மூடிக் கேட்டார்.

"முன்னைக்கி இது தேவல. ஆனா வால் இன்னும் இருக்குது. உட்டுடும்மா, பழசே கெடக்கட்டும்."

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் வண்டிய உட்டுட்டுப் போங்கய்யா. வால அறுக்கலன்னா நானே பழசப் பூட்டித் தரேன்."

மூடின பெட்டிதான் சரி. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அளவில்தான் எங்கோ உதைக்கிறது. விடிந்ததும் மறுபடி தாமல், மறுபடி நெல். இந்தத் தடவை எண்ணிக்கையை விட்டுவிட்டு அம்மாவின் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு படியின் தலையிலும் ஒரு சின்னக் கோபுரம் நின்றது.

"யம்மா, தலை தட்டி அள."

"அய்ய, தலை தட்டி அளந்தா வீட்டுக்கு ஆவாதுடி. நம்மூட்டுல யாரு அப்படி அளந்தா?"

"இது சோத்துக்கு இல்லமா, சத்தத்துக்கு."

ஜெயம்மாள் படியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். துர்கா ஸ்கேலால் வழித்து வழித்துத் தானே அளந்தாள். முப்பத்தொன்று. மூன்று லிட்டர் அதிகம்! பிறந்ததிலிருந்து பார்க்கிற கோபுரம் கண்ணில் படவில்லையே என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. படியும் கையுமாகக் கடைக்குத் திரும்பி, மூன்று லிட்டர் இடத்தை அடைக்கிற அளவுக்கு மரத்துண்டுகள் அறுத்து உள்ளே ஒட்டினாள். பிசின் காயும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சாயங்காலம் கலைவாணன் வந்தார். படியை வாங்கிப்போகிற சாக்கில் ஜெயம்மாளும் பஸ் ஏறி வந்து நின்றாள். பாட்டு ஓடியது. இடந்தலை விழுந்தது, நின்றது. அடுத்த அடி தனியாக விழுந்தது. கலைவாணனின் வலது கை விரல்கள் தொடையில் தாளம் போடத் தொடங்கி, முழுசாக வாசித்து முடித்துத்தான் ஓய்ந்தன.

"இது என் கைதாம்மா," என்றார். "நாளைக்கு நாயனக்காரர் வண்டிய அனுப்பறேன். அவருக்கும் இப்படியே ஒண்ணு செஞ்சு குடு."

துர்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாங்கிப்போக வந்த படியை ஜெயம்மாள் கடை மேஜை மேலேயே திரும்ப வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும். அவருக்கும் தலை தட்டியே அளந்துடு."