அடுத்தவர் பக்கம்

தீ வைக்கும் நாளில் எவனும் தன் நிலத்தில் நிற்கக் கூடாது. வனத்துறையும் தோப்புக்காரர்களும் சேர்ந்து அமைத்த சங்கத்தின் முதல் விதி அதுதான். அரசாங்கக் காடும் பதினோரு பேருடைய தைலமரத் தோப்புகளும் ஒரே சரிவில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கோடைக்கு முன்னால் சருகைத் துண்டு துண்டாக எரித்துவிட்டால், பெருந்தீ வரும்போது அதற்குத் தின்ன ஒன்றும் இருக்காது. ஆனால் சொந்த மரத்தடியில் நிற்கிறவன் சொந்த மரத்தைத்தான் பார்ப்பான். பக்கத்துத் தோப்பில் பொறி விழுந்தால் கொட்டாவி விடுவான். அதனால்தான் ஆளை மாற்றி நிறுத்தினார்கள்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவரான பூட்டுக்காரருக்கு அந்த விதி ஒத்துவரவில்லை. வீட்டைப் பூட்டித் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள். பெயர் அப்படி வந்தது. எரிப்புக்குச் சம்மதக் கையெழுத்துப் போடாமல் மூன்று வருஷம் சங்கத்தை இழுத்தடித்தார். கடைசியில் சம்பந்தி வந்து உட்கார்ந்தார்.

"தீ மேல பாத்துத்தான் ஓடும், சம்பந்தி. உங்க தோப்புக்கு மேல யார் வீடு இருக்கு? என் வீடு. அதுல யார் இருக்கா? உங்க பொண்ணு. சருகு முழங்கால் உசரம் கிடக்கு. அப்புறம் உங்க இஷ்டம்."

பூட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அரசாங்கம் சும்மா எவனுக்கும் நல்லது பண்ணாது" என்றார்.

முதல் நாள், காட்டுக்கும் அவர் தோப்புக்கும் நடுவிலுள்ள குறுகிய நிலத்துண்டை மட்டும் எரிப்பதாக ஏற்பாடு. அது நல்லபடி முடிந்தால் மறுநாள் தோப்பு. காட்டு ஓரத்தில், சருகு நீக்கி வெட்டிய தடுப்புக் கோட்டில், பூட்டுக்காரர். தோப்பு ஓரத்தில், அவருடைய மரங்களுக்குக் காவலாக, ஒரு பெண் வனக்காவலர். முதுகில் ஆளுக்கொரு தண்ணீர்ப் பம்பு.

தீ கணுக்கால் உயரத்துக்குச் சமர்த்தாகத்தான் போனது. அவருக்குத்தான் கழுத்து ஒரு பக்கம் நிற்கவில்லை. சம்பளம் வாங்குகிறவளுக்கு என் மரம் எரிந்தால் என்ன, காய்ந்தால் என்ன என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். அப்போது எரிகிற மரப்பட்டை ஒன்று உரிந்து பறந்து அவர் தோப்புக்குள் விழுந்தது. புகை கிளம்பியது.

"ஏம்மா! அங்க, அங்க!"

"பாத்துட்டேன் பெரியவரே. நீங்க அங்கயே நில்லுங்க."

அவர் நிற்கவில்லை. எரிந்து கருகிப்போன இடத்தை மிதித்துக்கொண்டு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது அவள் அணைத்து முடித்து, சாம்பலை மண்வெட்டியால் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து கையை வைத்துப் பார்த்தார். ஈரம்.

"நில்லுங்கன்னு சொன்னேன்ல?" என்றாள். அவளுக்குக் கோபப்படக்கூட நேரமில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு விசிலை எடுத்து ஊதினாள். அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் தீ கோட்டைத் தாண்டிக் காட்டுக்குள் போயிருந்தது.

பதினான்கு பேர் மாலை நான்கு மணி வரை அதன் பின்னால் ஓடினார்கள். இரண்டு ஏக்கர் போயிற்று. எல்லோரும் பாதையோரத்தில் கரி மூஞ்சியோடு உட்கார்ந்தபோது வனத்துறை ரேஞ்சர் கேட்டார்.

"அந்த இடத்துல யாரு?"

சம்பந்தி தொண்டையைச் செருமினார். "காத்து திடீர்னு…"

"காத்தும் இல்ல, கூத்தும் இல்ல" என்றார் பூட்டுக்காரர். "நான்தான் விட்டுட்டுப் போனேன்."

ரேஞ்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "கோட்டைத் தாண்டிட்டா மிச்ச அனுமதி ரத்து. இந்த வருஷம் இந்தச் சரிவுல இனிமே தீ வைக்க முடியாது."

"அப்ப என் தோப்பு?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்."

"கோடை அடுத்த வருஷமா வருது?"

ரேஞ்சர் பூட்ஸிலிருந்த சாம்பலைத் தட்டினார்.

மறுநாள் காலை பூட்டுக்காரரும் அவர் மனைவியும் மகள் வீட்டு வேலிக்குக் கீழேயிருந்து சருகை வாரத் தொடங்கினார்கள். எரிக்க வழியில்லை; கூடை கூடையாகச் சாலை வரை சுமந்து போய்த்தான் கொட்ட வேண்டும். உச்சிவெயில் ஏறியபோது ஒரு பந்தல் போடுகிற அளவுக்குத் தரை தெரிந்தது.

"எவளோ ஒருத்தி உங்க மரத்தைக் காப்பாத்தியிருக்கா" என்றாள் மனைவி. "நீங்க போய் அவ காட்டைக் கொளுத்திட்டு வந்திருக்கீங்க."

"தெரியுது. கூடையைப் பிடி."

மேலேயிருந்து சம்பந்தி வாருகோலோடு இறங்கி வந்தார். "நகருங்க. வார்ற லட்சணத்தைப் பாரு. கோழி கிளறுன மாதிரி."

"உங்களை யாரு கூப்பிட்டா?"

"என் கூரை கூப்பிட்டுச்சு."

மூவரும் வாரினார்கள். மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "காத்து சூடாக இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

"நாப்பது."

"இது முடிய?"

அவர் சரிவின் அடி வரை பார்த்தார். முழங்கால் உயரச் சருகு, அடி வரை அப்படியே கிடந்தது. "அறுபது" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார்.