துண்டுக்குள் இருந்த கை

முனிவேலின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் மைத்துனன் கிருஷ்ணப்பன் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, சுவரில் ஆணியில் தொங்கிய சட்டையின் பைக்குள் செல்போன் அடித்தது. ஆள் போனாலும் சட்டை தொழிலை விடவில்லை என்பதுபோல அது துடித்துத் துடித்து ஆடியது. கூடத்தில் இருந்த யாரும் தொடவில்லை. செத்தவரின் போனை எடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எந்த ஊரிலும் சடங்கு வகுத்து வைக்கவில்லை.

கடைசியில் ருக்மணி எழுந்தாள். புருஷன் போய் இன்னும் அரை நாள் ஆகவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எண்ணைப் பார்த்தாள். முன்னால் கூட்டல் குறியோடு நீளமாக இருந்தது. மஸ்கட்.

"டேய் கிருஷ்ணா, மேளத்தை நிறுத்தச் சொல்லு."

வாசலில் கருப்பசாமியும் கூட்டாளிகளும் வைக்கோல் தீயில் பறையைக் காய்ச்சி அப்போதுதான் முதல் சுற்றைத் தொடங்கியிருந்தார்கள். கிருஷ்ணப்பன் ஓடிப்போய்க் கையைக் காட்டியதும் அடி பாதியில் நின்றது. "இன்னாங்க, சாவு வூட்டுல மேளம் அடிக்காம பூசணிக்காயா விக்கறது?" என்றார் கருப்பசாமி. "டீ சாப்புட்டு வாங்கண்ணே" என்றான் கிருஷ்ணப்பன். கடையின் டீயைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட்டு அவர்கள் எழுந்து போனார்கள்.

ருக்மணி போனோடு பின்கட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

"அப்பா?"

"நாந்தான் கண்ணு."

"அப்பாகிட்ட குடும்மா." மகள் ரஞ்சிதாவின் குரல் உடைந்து போயிருந்தது. பதிலுக்குக் காத்திராமல் அவளே கொட்டினாள். மகன் பிரதாப்புக்கு ராத்திரி முழுக்க வாந்தி. வயிறு கல்லாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தால், குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொண்டது என்கிறார்கள். காற்று வைத்துத் தள்ளிப் பார்த்தார்கள், விடவில்லை. இப்போது வயிற்றைக் கிழிக்க வேண்டுமாம். ரெண்டு வயசுப் பிள்ளையின் வயிற்றை. புருஷன் ஆனந்த் குழாய் பதிக்கிற வேலைக்குப் பாலைவனத்துக்குள் போயிருக்கிறான், போனே போகவில்லை. "நான் சரின்னு சொன்னாத்தான் கிழிப்பாங்களாம். நான் சொல்லலம்மா. ரெண்டு நாள் மருந்து குடுத்துப் பாருங்க, இல்லாட்டி சாயந்திர பிளைட்டுல ஊருக்குப் போயிடறேன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். அப்பாதான் அன்னிக்கே சொன்னாரில்ல."

சொன்னார்தான். முந்தாநாள் இதே போனில், இதே கொட்டகையில் நின்று, ருக்மணியின் காது கேட்கச் சொன்னார்: "ஊரு பேரு தெரியாதவங்கிட்ட புள்ளையைக் குடுக்காத. கெளம்பி வா. ஓசூர்ல நம்ம டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்." வெறும் வயிற்று வலி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது சொன்ன பேச்சு. ஆனால் முனிவேல் சொன்னது சொன்னதுதான். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அவர் மாட்டுத் தரகர். துண்டைப் போட்டு மூடி, உள்ளே கையோடு கை கோத்து, விரலை அழுத்தி விலை பேசுவார். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று பிடித்தவனுக்கும் பிடிக்கப்பட்டவனுக்கும் மட்டும்தான் தெரியும். அழுத்திய விரலை முனிவேல் மாற்றினார் என்று எதிரிகூடச் சொன்னதில்லை. மகள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி நிற்கிறாள்.

"அப்பா எங்கம்மா?"

ருக்மணி ஒரு கணம் மாட்டைப் பார்த்தாள். மாடு அவளைப் பார்த்தது.

"ஞாயித்துக்கெழம அதுவுமா கேக்கற கேள்வியப் பாரு. சந்தைக்குப் போயிருக்காரு. போனை மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு."

"கிருஷ்ணா மாமா கூடத்தான இருக்கும்? மாமா போனுக்கு அடிச்சு வாங்கிக் குடு."

"அவரு கை துண்டுக்குள்ள இருக்கும்டி இந்நேரம்."

அந்த வீட்டில் இந்த ஒரு வாக்கியத்துக்கு மறுவாக்கியம் கிடையாது. கை துண்டுக்குள் இருக்கும்போது கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, எமனே வந்தாலும் ஓரமாக நின்று பீடி பிடித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்பார் முனிவேல். எமன் விவரமானவன். சந்தைக்குக் கிளம்பும் முன்பே, விடியற்காலை டீ குடிக்க உட்கார்ந்த இடத்திலேயே வந்து முடித்துக்கொண்டான். சுவரில் சாய்ந்தவரின் கையில் டம்ளர் அப்படியே இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. எதையும் வீணாக்காத மனுஷன்.

"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா கண்ணு?"

"மலையாளத்து நர்ஸக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்கதான் போன் குடுத்தாங்க."

"அவங்ககிட்ட குடு."

நர்ஸின் குரல் தணிந்து வந்தது. மகளை விட்டுத் தள்ளி நடந்து வந்து பேசுகிறாள் என்று ருக்மணிக்குப் புரிந்தது. "அம்மா, குட்டிக்கு டைம் இல்லா. பிளைட்டில் ஏத்தினா வழியிலே போகும். இங்க டாக்டர் நல்ல ஆளாணு. மோள்கிட்ட நீங்க சொல்லணும்."

"பத்து நிமிசம் கழிச்சு அவளைக் கூப்புடச் சொல்லும்மா. அவங்கப்பனைக் கேட்டுச் சொல்றேன்."

கூடத்துக்குத் திரும்பினாள். முனிவேலின் அண்ணன் கங்கப்பன் சூளகிரியிலிருந்து வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊர்ப் பஞ்சாயத்தெல்லாம் தீர்த்து வைக்கிறவர். தன் வீட்டுப் பஞ்சாயத்து மட்டும் அவரிடம் வராது.

"பொண்ணுதான? சொல்லிட்டியா?"

"இல்லீங்க மாமா."

"என்னாம்மா இது. ஒத்தப் பொண்ணு. அவளுக்குச் சொல்லாம எடுத்தா ஊரு காறித் துப்பாதா? கிருஷ்ணகிரியில ஐஸ் பொட்டி கெடைக்கும். வெச்சிருக்கலாம். நாளைக்கு வந்துருவா."

"வந்துருவா மாமா. அதான் பயம்." ருக்மணி விஷயத்தைச் சொன்னாள். "ஏற்கெனவே கெளம்பறதுக்கு சாக்குத் தேடிக்கிட்டிருக்கா. அப்பன் போயிட்டாருன்னு சொன்னா அந்தச் சாக்கை நானே கையில குடுத்த மாதிரி. புள்ளையத் தூக்கிக்கிட்டு ஏரோப்பிளேன் ஏறிடுவா. எறங்கறப்ப ரெண்டு எழவாயிடும்."

கங்கப்பன் மீசையைத் தடவினார். தரகர் வீட்டில் நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவள் அந்தத் தடவலைப் பார்த்தே ஆள் இறங்கி வருகிறார் என்று தெரிந்துகொண்டாள்.

"அப்ப எப்பத்தான் எடுக்கறது?"

"பேரன் உள்ள கெடக்கறப்ப தாத்தாவை எடுக்க மாட்டேன். அவன் வெளிய வந்தான்னு சேதி வரட்டும். எடுத்துக்கலாம்."

"பொழுது எறங்கறதுக்குள்ள எடுக்கணும். அதுக்கு மேல ஒத்துக்க மாட்டேன்."

"சரிங்க மாமா. பொழுது எறங்கறதுக்குள்ள."

அவர் விட்டுக்கொடுத்ததாக நினைத்தார். ஐஸ் பெட்டி வேண்டாம், மகளுக்குச் சொல்ல வேண்டாம் என்ற இரண்டையும் அவள் சேர்த்து வாங்கிவிட்டிருந்தாள்.

கிருஷ்ணப்பன் அவளை ஓரமாக இழுத்தான். "அக்கா, மாமா வேற மாதிரியில்ல சொல்லியிருந்தாரு. செத்தவரு பேச்சை மாத்தறது..."

"போன வருசம் செவலைக் கன்னுக்குட்டிக்கு என்னா ஆச்சுடா?"

அதற்கும் குடல் சொருகல்தான். மாட்டு டாக்டர் உடனே கிழிக்க வேண்டும் என்றார். முனிவேல் பேரம் பேசினார். பணத்துக்கு அல்ல, நேரத்துக்கு. விளக்கெண்ணெய் ஊற்றிப் பார்க்கிறேன், விடியட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று நாளைத் தள்ளினார். சந்தையில் நேரம் கடத்துகிறவன்தான் ஜெயிப்பான். கன்று விடியும் முன்பே கண்ணை மூடியது. அன்று முழுக்க முனிவேல் யாரிடமும் பேசவில்லை. சாயந்திரம் கை கழுவும்போது, சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல ஒன்று சொன்னார். ருக்மணிக்கு மட்டும் கேட்டது.

"அவரு வாயி இப்ப பேசாது. அவரு பேசினது எங்கிட்ட இருக்குது" என்றாள்.

போன் அடித்தது.

அதே நேரம், தெருமுனையில் பார்வதி பஸ்ஸை விட்டு இறங்கினாள். முனிவேலின் அக்கா. ஒப்பாரியில் அவளுக்கு நிகர் தர்மபுரி வரைக்கும் கிடையாது. தலைமுடியை அவிழ்த்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கி, "எஞ்சாமி..." என்று மூச்சை இழுத்த நொடியில் கிருஷ்ணப்பன் ஓடிப்போய் அவள் முன்னால் கும்பிட்டு விழுந்தான். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல், தூக்கிய கையோடு அவள் தெருவில் அப்படியே நின்றாள்.

கொட்டகையில் ரஞ்சிதா கேட்டாள், "அப்பா என்னா சொன்னாரு?"

"கிழிச்சுக்கச் சொன்னாரு."

"பொய் சொல்லாத. முந்தாநாளு அப்பிடிச் சொன்னவரு இன்னிக்கு இப்பிடிச் சொல்வாரா? எங்கப்பா மாத்த மாட்டாரு."

"மாத்தினாருடி."

"என்னா சொன்னாரு. அப்பிடியே சொல்லு."

ருக்மணி கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் அவள் அவர் குரலில் பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமும் வந்ததில்லை, அவரே இரண்டு ஆளுக்குச் சேர்த்துப் பேசுவார்.

"துண்டுல இருந்து கையை எடுக்காமயே சொன்னாராம். 'அந்தக் கெடேரிகிட்ட சொல்லு. மனுசன்கிட்ட பேரம் பேசலாம், மாட்டுக்காரன்கிட்ட பேசலாம், வைத்தியங்கிட்ட பேசக் கூடாது. நான் ஒரு தடவை பேசித் தோத்துட்டேன். சரின்னு சொல்லிட்டுத் தள்ளி நிக்கச் சொல்லு.' அவ்வளவுதான் சொன்னாராம். திரும்ப வியாபாரத்துக்குப் போயிட்டாரு."

இளம் பசுவுக்கான அந்தப் பேரைச் சொல்லி, கெடேரி என்று ரஞ்சிதாவை உலகத்தில் ஒருத்தர்தான் கூப்பிடுவார். ருக்மணிக்கு அந்தப் பேர் பிடிக்காது. பொம்பளைப் பிள்ளையை யாராவது அப்படிக் கூப்பிடுவார்களா என்று மகள் கல்யாணத்தன்றுகூட அவரோடு சண்டை போட்டிருக்கிறாள்.

போனை விட்டு விலகி, "சரி சிஸ்டர். பண்ணச் சொல்லுங்க" என்று ரஞ்சிதா சொல்வது கேட்டது. லைன் அறுந்தது.

வெளியே வந்த ருக்மணியைப் பார்த்து, இன்னும் கையை இறக்காத பார்வதி, "எந்தம்பிக்கு அழுவறதுக்குக்கூட உங்கிட்ட சீட்டு வாங்கணுமாடி?" என்றாள்.

"அழுங்கண்ணி. போன் வந்தா மட்டும் நிறுத்திக்கங்க."

அப்படி ஒரு சாவு வீட்டை போச்சம்பள்ளி பார்த்ததில்லை. மேளம் அடித்தது. ருக்மணி கையைத் தூக்கினால் நின்றது. பார்வதி தம்பியின் காளை போன்ற நடையைப் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கண்ணை ருக்மணியின் கையிலிருந்த போன்மீது வைத்திருந்தாள். ஒரு தடவை அடித்தது. எல்லாம் நின்றது. கந்திலியிலிருந்து ஒருவன், சினை மாடு இருக்கிறது, அண்ணன் எப்போது வருவார் என்று கேட்டான். "இனிமே வர மாட்டாரு" என்று சொல்லி வைத்தாள். அன்று போனில் அவள் உண்மையைச் சொன்னது அந்த ஒருவனிடம்தான்.

குளிப்பாட்டினார்கள். கோடி போட்டார்கள். நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரன் இல்லையே என்று யாரோ தொடங்கினார்கள். "பேரனுக்கு இன்னிக்கு வேற வேலை இருக்குது" என்று ருக்மணி அதை அங்கேயே முடித்தாள். வெயில் வேலியைத் தாண்டி வாசலுக்கு வந்தது, வாசலைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் ஏறியது. கங்கப்பன் சுவரைப் பார்த்தார். பிறகு ருக்மணியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. வெயில் அந்த வீட்டு ஓட்டுக் கூரையைத் தொட்டபோது அவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

கருப்பசாமி குச்சியைக் காற்றிலேயே நிறுத்தினார். பார்வதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை ருக்மணி கொட்டகைக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே எடுத்தாள்.

"அம்மா." அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத குரல். "வெளிய கொண்டாந்துட்டாங்கம்மா. கண்ணு முழிச்சுட்டான். தண்ணி கேட்டு அழுவறான். இப்பக் குடுக்கக் கூடாதாம். அந்த அழுவையக் கேளு."

போனை அங்கே பிள்ளையிடம் நீட்டியிருக்க வேண்டும். மெல்லிய, எரிச்சலான, வறண்ட தொண்டையின் அழுகை வந்தது. சாவு வீட்டுக் கூடம் முழுக்க, மூச்சுவிடாமல், கடலுக்கு அந்தப் பக்கத்து அழுகையைக் கேட்டது.

"ஆனந்த் வந்துக்கிட்டிருக்காராம். டாக்டரு, இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா அவ்ளோதான்னாராம்." ரஞ்சிதா மூக்கை உறிஞ்சினாள். "அப்பா சந்தையில இருந்து வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

"குடு. நான் சொல்றேன்."

"களைச்சுப் படுத்திருக்காரு கண்ணு."

"சரி, எழுப்பாத." சற்று நிறுத்தி, "என்னாம்மா, ஞாயித்துக்கெழம சாயந்திரம் வூடு இவ்ளோ அமைதியா கெடக்குது? யாரும் வரலையா?"

கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள்.

"கரண்ட் இல்ல. டிவி ஓடல."

அந்தப் பக்கம் ரஞ்சிதா ஏதோ கேட்க வாயெடுத்ததுபோல இருந்தது. கேட்கவில்லை. "அப்பா முழிச்சா, கெடேரி சொன்னபடி கேட்டுச்சுன்னு சொல்லிடும்மா" என்றாள்.

"சொல்றேன்."

போனை அணைத்துச் சட்டைப் பையிலேயே திரும்பப் போட்டாள். கங்கப்பனைப் பார்த்துத் தலையாட்டினாள். "எடுத்துக்கலாம் மாமா." வாசலைப் பார்த்து, "கருப்பசாமியண்ணே, இனிமே நிறுத்த வேணாம்" என்றாள்.

பறை எழுந்தது. நாளெல்லாம் தவணையில் அழுத பார்வதி முதல் தடவையாக முழு மூச்சையும் விட்டாள். தெருவில் ஷிப்டு முடிந்து திரும்பிய கம்பெனி பஸ் வேகத்தைக் குறைத்தது.

ஆட்கள் பாடையைச் சரிபார்க்க வெளியே போன இடைவெளியில் ருக்மணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைமாட்டில் அவருடைய சந்தைத் துண்டு மடித்து வைத்திருந்தது. அதை விரித்து அவர் வலது கையின்மேல் போட்டாள். தன் கையையும் உள்ளே விட்டாள். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. உயிரோடு இருந்தபோதும் அவை அவ்வளவு சுலபத்தில் இறங்கி வந்ததில்லை.

கயிறு எடுக்க உள்ளே வந்த கிருஷ்ணப்பன் துண்டு அசைவதைப் பார்த்தான். சந்தையில் வளர்ந்தவன். சட்டென்று முகத்தைத் திருப்பி, அவள் கையை வெளியே எடுக்கும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.