குவென்கா நேரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

அம்பலவாணர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, முள்ளை ஒன்பது மணி நேரம் பின்னால் திருப்பி, மறுபடி ஆணியில் மாட்டினார். ஷார்ஜாவின் முவைலாவில் அப்போது பிற்பகல் மூன்று மணி. கடிகாரம் காலை ஆறு என்றது. தென்னமெரிக்காவில், எக்குவடோர் நாட்டின் மலைநகரமான குவென்காவில், அந்த நிமிடத்தில் அதுதான் நேரம்.

"குட் மோர்னிங்" என்றார் மனைவியிடம்.

சுந்தரம்பாள் திரைச்சீலையை விலக்கி, எதிர்க் கட்டடத்தில் சாய்ந்து விழுந்த வெயிலைப் பார்த்துவிட்டு, "மோர்னிங்தான்" என்று சொல்லித் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

புஜைராவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவர் இருபத்தெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். புதிதாக ஓர் இயந்திரத் தொகுதியைக் கட்டி முடித்தால், அதை உடனே பொறுப்பேற்க மாட்டார்கள். முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். சொன்ன நாள் முழுக்க அது தானாக ஓட வேண்டும். இடையில் எவராவது கையால் ஒரு வால்வைத் திருப்பினாலும் அதுவரை ஓடிய நாள் செல்லாது. முதலில் இருந்து தொடங்க வேண்டும். எத்தனை படம், எத்தனை கணக்குக் காட்டினாலும் அந்த ஓட்டத்தில் தெரிவதுதான் உண்மை என்று அம்பலவாணர் நம்பினார். அதனால்தான் ஓய்வு பெற்றபின் வாழப்போகும் வாழ்க்கையையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று, மிச்சமிருந்த பதினைந்து நாள் லீவைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

வளைகுடாவில் வேலை முடிந்தால் விசா முடியும். அதோடு நிற்காது. வீட்டு ஒப்பந்தம், மின் இணைப்பு, வங்கிக் கணக்கு, கைபேசி எண் எல்லாம் அந்த ஒரே அடையாள அட்டையில் தொங்குபவை. அட்டை போனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழும். இங்கே ஓய்வுக்கால விசா வாங்க வேண்டிய சேமிப்பு அவரிடம் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய காணி இன்னும் இராணுவ வேலிக்கு உள்ளே கிடந்தது. மகள் கஜந்தி நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்தாள். அங்கே பெற்றோருக்கான விசாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, குலுக்கலில் அது எழும்பும்வரை காத்திருக்க வேண்டும்.

குவென்காவைப் பற்றி முதலில் சொன்னவர், முன்பு அதே ஆலையில் இருந்து ஓய்வுபெற்று அங்கே குடியேறிய ஓர் ஐரிஷ் பொறியாளர். அம்பலவாணர் அதை ஆறு மாதம் தோண்டித் துருவினார். அங்கே ஓய்வூதியக்காரருக்குத் தனி விசா உண்டு. ஆனால் வளைகுடாவில் வேலை முடியும்போது மொத்தமாக ஒரு தொகைதான் கையில் தருவார்கள், மாதாமாதம் வரும் ஓய்வூதியம் இல்லை. அந்தக் கதவு அடைபட்டதும் அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். அந்த நாட்டு வங்கியில் ஒரு தொகையை வைப்பில் போட்டால் அதைக் காட்டியே வதிவிடம் கேட்கலாம். அந்த நாட்டின் நாணயமே டொலர். இங்குள்ள திர்ஹமும் டொலரோடு கட்டப்பட்டது. ஆகவே இங்கே உழைத்தது அங்கே போய்ச் சேரும்போது கரைந்து போகாது. இலங்கை ரூபாய் ஒரே கோடையில் பாதியானதைப் பார்த்தவருக்கு இது பெரிய விஷயம். வாடகை மலிவு. வருடம் முழுக்க ஒரே குளிர்ச்சி, ஏ.சி. வேண்டாம். ஊருக்குள் நான்கு ஆறுகள் ஓடின. வாழ்நாள் முழுக்கக் கடலைப் பிழிந்து தண்ணீர் எடுத்த மனிதரை அந்த நான்கு ஆறுகள்தான் கடைசியில் விழுத்தின.

ஆலையில் அவரோடு ஷிப்ட் பார்க்கும் சிவகங்கைக்காரர் சோலைமுத்து இதைக் கேட்டுவிட்டு, "அண்ணே, நாங்கள்லாம் ரிட்டயர் ஆனா ஊருக்குப் போவோம். நீங்க பூமிய சுத்திப் போறீங்களே, யாருக்குப் பயந்து?" என்றார். அம்பலவாணர் சிரித்தார்.

பயம் இருந்தது. ஆனால் அது அவரைப் பற்றியது அல்ல, சுந்தரம்பாளைப் பற்றியது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அவர்களுக்கு மூத்த பிள்ளை ஒருவன் இருந்தான். துவாரகன். கஜந்திக்கு முன் ஷார்ஜாவில் பிறந்து, எட்டாம் மாதத்தில் காய்ச்சலில் போனவன். பால்குடிப் பிள்ளையை எரிப்பதில்லை. நகருக்கு வெளியே, முஸ்லிம் அல்லாதவர்களுக்கான மயானத்தில் புதைத்தார்கள். முழ அகலத்தில் ஒரு சீமெந்து விளிம்பு, அதில் ஓர் இலக்கத் தகடு. ஊரில் அவனை எவரும் பார்த்ததில்லை. விடுமுறையில் போகும்போது யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், சொந்தக்காரர் முந்திக்கொண்டு "ஒண்டு" என்று சொல்லிவிடுவார்கள். சுந்தரம்பாள் தலையைக் குனிந்துகொள்வாள்.

மயானத்தில் காற்று பெரும்பாலும் வடமேற்கில் இருந்து வரும். ஷமால் என்பார்கள். அது மணலைத் தூக்கி எறிவதில்லை, தரையோடு தரையாக உருட்டிக்கொண்டு வரும். உருண்டு வரும் மணல் எதிலாவது முட்டினால் அங்கேயே நின்று குவியும். சீமெந்து விளிம்பின் வடமேற்கு மூலையில் அப்படித்தான் குவியும். நிரம்பியதும் தாண்டி உள்ளே இறங்கும், பிறகு தகட்டை மூடும். அம்பலவாணர் அந்தப் பக்கம் ஒரு வரிசைக் கல் நட்டிருந்தார். அது தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் ஒரு பெயின்ட் பிரஷ்ஷோடு இருவரும் போய் மணலைத் தள்ளி, ஒரு போத்தல் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார்கள். அவருக்கு ட்யூட்டி விழுகிற வெள்ளிகளில் அவள் டாக்ஸியில் தனியாகப் போய்வருவது ஏற்பாடு. சில வாரங்களில் மணல் வழக்கத்தைவிடக் கூடக் கிடக்கும். அதை அவர் காற்றின் கணக்கில் எழுதிக்கொள்வார்.

கொழும்பில் குடியேறினால் அங்கிருந்து இங்கே நாலரை மணி நேரப் பறப்புத்தான். வருடத்துக்கு ஒருமுறையாவது விசிட் விசாவில் வரலாம். குவென்காவில் இருந்து வருவது வாழ்நாளில் ஒருமுறை நடந்தாலே பெரிது. இதை அவர் மனைவியிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அவள் 'உங்கடை விருப்பம்' என்பாள். அதை நம்ப முடியாது. ஆகவே கேள்வியைச் சோதனையிடம் விட்டார். விதி ஒன்றுதான்: குவென்காவில் இல்லாதது இந்த வீட்டிலும் இல்லை.

கறிவேப்பிலை நின்றது. சனிக்கிழமைக் கோயில் நின்றது. விடியற்காலை படுத்து, பிற்பகலில் எழுந்தார்கள். ஷிப்ட் பார்த்த உடம்புக்கு அது பழக்கம்தான். சுந்தரம்பாளுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்தார். அவளோ கைபேசியில் ஸ்பானிஷ் பாடம் ஒன்றைப் போட்டு, மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டே "உனோ, தோஸ், த்ரெஸ்" என்று ஒப்பித்தாள். அவர் முதல் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்.

அதற்கு முந்திய இரண்டு நாளும் ஷமால் அடித்தது. ஜன்னல் சட்டத்தின் இடுக்கில் மெல்லிய பழுப்புக் கோடு படிந்தது. வெள்ளி பிற்பகல் எழுந்ததும் சுந்தரம்பாள் முகம் கழுவி, பொட்டு வைத்து, பாடத்தின் முன் உட்கார்ந்தாள். அவர் அலுமாரியைப் பார்த்தார். பிரஷ் அதற்குள்தான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ஒரு தேத்தண்ணி குடித்து முடியும்வரை பொறுத்திருந்தார். பிறகு வாழைக்காய் வாங்கி வருவதாகச் சொல்லிக் கார்ச் சாவியை எடுத்தார்.

கடையைத் தாண்டி கார் போனது. தான் எங்கே போகிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே ஓட்டினார்.

மயானத்தில் வெயில் தணிந்திருந்தது. கல்வரிசை மூடிப்போய், மணல் விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது. தகட்டில் கடைசி இலக்கம் மட்டும் தெரிந்தது. பிரஷ் இல்லை. முழங்காலிட்டு இரண்டு கையாலும் அள்ளினார். பக்கத்தில் இருந்த வேறு சின்ன விளிம்புகளில் சில முழுவதும் மூடியிருந்தன. ஒரு மூலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்ததால்தான் அங்கே ஒன்று இருப்பதே தெரிந்தது. அவற்றின் பெற்றோர் எந்த நாட்டுக்குப் போனார்களோ. அத்தனை வருடம் அங்கே வந்துபோனவர், இத்தனை கணக்குப் போட்டவர், தாங்கள் போனபின் இது எத்தனை நாளில் மூடும் என்ற கணக்கை மட்டும் போடவேயில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நகக்கண்ணில் மணல் ஏறும்வரை அள்ளினார்.

வீட்டுக்கு வந்தபோது சுந்தரம்பாள் கதவைத் திறந்தாள். அவருடைய வெறுங்கையைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள்.

"வாழைக்காய் எங்கை?"

அவர் செருப்பைக் கழற்றினார். வாசலில் மணல் கொட்டியது.

"நீர் போவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். "நீர் போகேல்லை."

"உங்கடை சோதினையிலை நான் தோக்கவேணும் எண்டு இருந்தியள் என்ன?" அவள் குரலில் கோபம் இல்லை. துடைப்பத்தை எடுத்து வந்து மணலைக் கூட்டினாள். கூட்டிக்கொண்டே சொன்னாள்: "இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்லுறன். உங்களுக்கு ட்யூட்டி வாற வெள்ளியளிலை நான் அங்கை போறதில்லை. ஒரு வருசமாச்சு."

அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். அந்த வாரங்களில்தான் மணல் கூடக் கிடந்தது.

"ஏன்?"

"ஒரு நாளைக்கு விட்டிட்டுத்தானே போகவேணும். இந்த விசா எப்பவும் இருக்குமோ? அதாலை பழகினன். முதல் வெள்ளி இந்தக் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பிறகு இருந்தன். பிறகு சமைச்சன்." அவள் நிமிர்ந்தாள். "நீங்கள் பழகேல்லை. எனக்கு ஏலாது எண்டு சொல்லிச் சொல்லி, உங்களைப் பாக்காமல் விட்டிட்டியள்."

அம்பலவாணர், எக்குவடோரை விட்டுவிடுவோம், கொழும்பில் ஒரு சின்ன வீடு பார்ப்போம் என்றார். அவள் உடனே மறுத்தாள். தனக்கு அந்த ஆறுகள் வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்க வேண்டும் என்றாள். பிறகு கைபேசியை எடுத்து, பாடம் நின்ற இடத்தைக் காட்டினாள்.

"அங்கை ஆரும் எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டா, தோஸ் எண்டு சொல்லப்போறன். ரெண்டு. எனக்கு முந்தி ஒருத்தரும் பதில் சொல்லமாட்டினம்."

அவர் முகத்தைத் துடைத்தார். கையில் ஒட்டியிருந்த மணல் கன்னத்தில் கீறியது.

"என்னாலை ஏலாது போலை கிடக்கு, சுந்தரம்" என்றார்.

அவள் அவர் எதிரே உட்கார்ந்தாள். கல்யாணமான புதிதில் அவர் தன் ஆலையைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார், அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். அதில் ஒன்று இது: கடல்நீரை மிகுந்த அழுத்தத்தில் மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வின் வழியே தள்ளுகிறார்கள். தண்ணீர் கடக்கும், உப்பு இந்தப் பக்கம் நிற்கும். இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்தினால் அந்த உப்பு அங்கேயே தங்கி, இறுகி, சவ்வைக் கெடுத்துவிடும்.

"மெஷினை நிப்பாட்டேக்கை என்ன செய்வியள்?" என்று கேட்டாள்.

"நல்ல தண்ணி விட்டுக் கழுவவேணும். உப்பு முழுக்கப் போகுமட்டும். பிறகுதான் நிப்பாட்டலாம்."

"பின்னை?"

பதினைந்து நாள் ஆகும் முன்பே சோதனை அன்றோடு நின்றது. கைவைத்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவர் உடனே தொடங்கவில்லை. கடிகாரத்தை மறுபடி ஷார்ஜா நேரத்துக்குத் திருப்பினார். அடுத்த வாரம் ஆலைக்குப் போய், புதிதாக வந்தவர்களைப் பழக்க ஓய்வு நாளுக்குப் பின்னும் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று மேலாளர் முன்பு கேட்டதற்கு, இப்போது சம்மதம் சொன்னார். அப்போது மறுத்தவர்தான். சோலைமுத்து, "என்னண்ணே, பிளைட்டு லேட்டா?" என்றார். "ஓம், கொஞ்சம் லேட்" என்றார் அம்பலவாணர்.

அதற்கு அடுத்த வெள்ளி இருவரும் சேர்ந்து போனார்கள். சுந்தரம்பாள் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டாள். அலுமாரியைத் திறந்த அம்பலவாணர், பிரஷ்ஷைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்து மூடினார்.

மயானத்தில் அவள் தண்ணீரைத் தெளித்தாள். நனைந்த இடம் கருத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். வடமேற்கில் இருந்து காற்று மெல்ல வந்தது. கல்வரிசையின் இடுக்கில் மணல் ஒவ்வொரு பருக்கையாக உருண்டு வந்து விளிம்பில் முட்டி நின்றது. அம்பலவாணர் இரண்டு கைகளையும் மடியில் வைத்து, விரல்களைக் கோர்த்துக்கொண்டு, அது சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.