சுடுகிற தகடு

கம்ப்யூட்டர் என்றால் ஓடிக்கொண்டே இருக்கும் என்றுதான் கோவிந்தம்மாள் நினைத்திருந்தாள். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்து சேர்ந்த அந்த செகண்ட்ஹேண்ட் மிஷினோ, இருபது நிமிஷம் ஓடியதும் எழுத்தெல்லாம் கலைந்து அப்படியே நின்றது. ஆறப்போட்டால் ஓடும், மறுபடி நிற்கும்.

முதலாளி வெங்கடாசலம் கெடு வைத்துவிட்டார். சனிக்கிழமை அவர் கண்ணெதிரே ஒரு மணி நேரம் ஓட வேண்டும். இல்லையென்றால் மிஷின் பெங்களூருக்கே திரும்பிவிடும். மிஷின் போனால் கம்ப்யூட்டர் டீச்சரான அவளும் போக வேண்டியதுதான். மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் கூடை எண்ண ஆள் தேவை என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான்.

மூடியைக் கழற்றிப் பார்த்தாள். கரண்ட் வந்து சேரும் மூலையில் மூன்று கால் வைத்த கறுப்புத் துண்டு ஒன்று, விரல் வைக்க முடியாமல் கொதித்தது. விற்றவருக்கு டிரங்க் கால் போட்டாள்.

"அதுக்கு கூலிங்குக்கு ஒரு தகடு இருந்துச்சும்மா. வழியில கழண்டிருக்கும். வேற ஒண்ணு செஞ்சு திருகிடுங்க."

"எந்தத் தகடுங்க?" என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

நேராகப் பாத்திரக்கடை அப்துல் ஷுக்கூரிடம் போனாள். ஊரே செம்பையும் பித்தளையையும் அவரிடம் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்குச் சந்தேகமே இல்லை.

"கூலிங்குன்னா எவர்சில்வர்தாம்மா. நம்பலைன்னா டீயில வுட்டுப் பாரு."

கொதிக்கிற டீயில் உலோகத்துக்கு ஒன்றாக நாலு கரண்டி விட்டார்கள். செம்பின் பிடி உடனே சுட்டது, அலுமினியமும் அப்படியே. பித்தளை கொஞ்சம் தாமதித்தது. எவர்சில்வர் பிடி மட்டும் சமர்த்தாகக் குளிர்ந்திருந்தது. கண்ணால் கண்ட பிறகு யார்தான் நம்பமாட்டார்கள்? எவர்சில்வரில் ஒரு தகடு வெட்டி வாங்கிப் போய்க் கறுப்புத் துண்டோடு சேர்த்துத் திருகினாள்.

வெள்ளிக்கிழமை வெங்கடாசலம் தகட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "ஜில்லுனு இருக்குதே!" என்று சிரித்துக்கொண்டே போனார். அவர் போய் இருபத்தைந்தாவது நிமிஷம் மிஷின் நின்றது. கறுப்புத் துண்டு கொதித்தது. தகட்டின் ஓரம் இன்னமும் ஜில்லென்றே இருந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது அவளுக்கு. தகடு குளிர்ச்சியாகத்தானே இருக்கிறது, பின்னே என்ன கேடு?

அன்று சாயங்காலம் தன் அறையில் குழம்பில் கிடந்த அலுமினியக் கரண்டியை யோசனையில்லாமல் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே வாய் நின்றது. சூடு குழம்பில் இருந்தது. கைக்கு எப்படி வந்தது? கரண்டி கூட்டிக்கொண்டு வந்தது. எவர்சில்வர் கூட்டி வராது. அப்படியானால் கறுப்புத் துண்டின் சூடு எங்கே போகும்? ஆனால் குளிரவைக்கிற தகடு சுடுமா? இதென்ன கூத்து என்று தலை சுற்றியது.

மறுநாள் காலையில் ஷுக்கூர் கடையின் பழைய சாமான் குவியலிலிருந்து ஒரு ஓட்டைச் செம்புத் தவலையை இழுத்து, "இதுல ஒரு துண்டு வெட்டிக் குடுங்க பாய்" என்றாள்.

"அதை உருக்கறதுக்குப் போட்டு வெச்சிருக்கேன். செம்பு சுடுமேம்மா!"

"சுடட்டுங்க பாய்."

பொண்ணுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார்.

செம்புத் தகட்டைத் திருகி மிஷின் ஓடத் தொடங்கி நாற்பதாவது நிமிஷம் வெங்கடாசலம் தகட்டைத் தொட்டார். "ஐயோ!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"நேத்து ஜில்லுனு இருந்துச்சு, இன்னிக்கு இப்படிக் கொதிக்குது! எரிஞ்சிரும், நிறுத்தும்மா!"

சுவிட்சுக்கு நீண்ட அவர் கையை மறித்துத் தன் கையை வைத்தாள் கோவிந்தம்மாள். முதலாளியை அப்படி மறித்தது அதுதான் முதல் தடவை.

"சுடணுங்க சார். அது சுட்டாத்தான் உள்ள ஆறும்."

"கூலிங் தகடு எங்கயாச்சும் சுடுமா?"

"எனக்கும் முழுசாப் புரியலைங்க சார். ஆனா மிஷின் ஓடுது, பாருங்க."

அவர் உட்கார்ந்து பார்த்தார். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அறுபதும் ஆயிற்று. ஒரு எழுத்துக்கூடக் கலையவில்லை. வெங்கடாசலம் திரையைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், சிவந்த விரலைப் பார்த்தார், ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கடைசியில் எழுந்து செருப்பை மாட்டினார்.

"திங்கக்கிழமை வந்து தொட்டுப் பாப்பேன். அன்னிக்கும் இதே மாதிரி சுடணும். ஜில்லுனு இருந்துச்சு, மிஷினு பெங்களூருக்குத்தான்!"