டாக்ஸியில் கற்ற மொழி

குவாபெனாவின் தோளிலிருந்து துக்கத்துக்குப் போர்த்திய கறுப்புத் துணி மறுபடியும் நழுவியது. செர்வா அதைப் பிடித்து இடது தோளில் ஏற்றிவிட்டாள். ஓடுகிற ஓட்டத்திலேயே நாலு பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோகிறவனுக்கு, நின்ற இடத்தில் ஒரு துணியைச் சமாளிக்க முடியவில்லை.

ஹானோவரில் ஜெர்மன்காரிக்குப் பிறந்த தம்பி. பந்து உதைக்கக் கற்றதும் அங்கேதான். போன மாதம் கானா அணிக்கு ஆடப்போவதாக அறிவித்தான். போன வாரம் அப்பா செத்துப்போனார். அக்காவும் தம்பியும் முதல்முறையாக நேரில் பார்த்துக்கொள்வது இன்றுதான்.

குலத் தலைவர் நானா அஜேமான் கை நீட்டினார். குவாபெனா பயபக்தியோடு அதைப் பற்றிக்கொண்டு, தனக்குத் தெரிந்த ட்வி மொழியில் கேட்டான்:

"எங்க போகணும், ஐயா?"

கிழவர் யோசித்தார். "இப்போதைக்கு எங்கயும் இல்லப்பா. உங்கப்பனைத்தான் அனுப்பப் போறோம்."

செர்வாவுக்குப் புரிந்துவிட்டது. அப்பா ஹானோவரில் டாக்ஸி ஓட்டியவர். பையன் பின் சீட்டிலிருந்தே மொழியைப் பொறுக்கியிருக்கிறான். இவளுக்குக் கிடைத்ததோ ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக் குரல் மட்டும். அவர் ஊர் திரும்பியபோது இவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அப்பாவுக்காகத்தான் கானா அணிக்கு வந்தானா, இல்லை ஜெர்மன் அணியில் இடம் கிடைக்காமல் வந்தானா? சவப்பெட்டியை மூடுவதற்குள் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் அவர் காதில் சொல்லி அனுப்பலாம்.

டூஃபீ அத்தை முகத்தைச் சுளித்தாள். "இவன் அம்மா வெள்ளைக்காரி. நம்ம குலத்துல இவனுக்கு என்ன இடம்?"

"குலம் அம்மா வழியாத்தானே வருது. எங்கம்மாவும் வேற குலம்தானே, அத்தை? நானும் வெளியாள்தான்."

"அதான் பெட்டி வாங்குற வேலையை உங்க ரெண்டு பேருக்கும் விட்டிருக்கோம். பிள்ளைங்க கடமை அது. போங்க, உள்ள போட வேண்டியதைப் போடுங்க."

உள்ளறையில் அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தார். செர்வா தலையணையும் கைக்குட்டையும் வைத்தாள். கூடவே வந்த யா சித்தப்பா, ஊரே மென்றுகொண்டிருந்த கேள்வியைத் துப்பினார்.

"ஏன்டா, ஜெர்மனிக்காரன் கூப்பிடலையா? அதான் இங்க வந்துட்டியா?"

"கூப்பிட்டாங்க."

"சும்மா சொல்லாத."

"போன மார்ச்ல கூப்பிட்டாங்க, சித்தப்பா. நான்தான் போகல."

செர்வா கேட்டாள்: "ஏன் போகல?"

ட்வி போதாமல் ஆங்கிலத்தையும் கலந்துகொண்டான். "தினம் பயிற்சிக்கு என்னை இறக்கிவிட்டுட்டு அப்பா கார்லயே இருப்பார். வெளிய பனி கொட்டும். பெட்ரோல் செலவுன்னு ஹீட்டர் போட மாட்டார். உள்ள வாங்கன்னு கூப்பிட்டா, 'இது அவங்க டீம். நம்ம டீமுக்கு ஆடு, உள்ள வந்து உக்கார்றேன்'ம்பார்." துணியை இழுத்துவிட்டுக்கொண்டான். "சிரிச்சுக்கிட்டேதான் சொல்வார். விளையாட்டுக்குச் சொல்றாரோன்னு நினைச்சேன்."

கானாவுக்கு அவனுடைய முதல் ஆட்டம் அடுத்த மாதம், இதே குமாசி நகரில்.

அவன் பையைத் திறந்தான். தேசிய அணிச் சட்டை வரும் என்று சித்தப்பா எட்டிப் பார்த்தார். வந்தது ஒரு ஜோடி கம்பளிக் காலுறை.

"இந்த வெயில்லயா?" என்றாள் வாசலில் நின்ற அத்தை.

குவாபெனா காலுறையைச் சுருட்டி அப்பாவின் கால்விரல்களில் நுழைத்தான். குதிகாலில் சிக்கிக்கொண்டது. செர்வா மறுபக்கம் வந்து பாதத்தைத் தூக்கிப் பிடித்தாள். விறைத்த காலோடு இருவரும் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினார்கள். தோள் துணி நழுவித் தரையில் விழுந்தது. இந்த முறை அதை யாரும் எடுக்கவில்லை.

அப்பாவின் காதருகே குனிந்த செர்வா, சொல்ல வந்ததைச் சொல்லாமல் கைக்குட்டையை மட்டும் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் சொன்னதை அவரும் அங்கேதானே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தச்சர்கள் இருவர் மூடியைத் தூக்கி வந்தார்கள். மதியத்துக்குள் அவர்களுக்கு இன்னொரு சாவு வீடு இருந்தது. அவசரத்தில் ஒரு முனையை விட்டுவிடப் பார்த்தார்கள்.

"மெதுவா சாத்து," என்றான் குவாபெனா.

பிழையே இல்லாத ட்வி. டாக்ஸிக் கதவை அறைகிறவர்களிடம் சொல்லும் அப்பாவின் குரலேதான்.

தச்சர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் இறக்கினார்கள்.