வலப்பக்கத்து சீற்

மகன் அர்ஜுன் உலக்கையைப் பிடித்துச் செத்தவீட்டுச் சுண்ணம் இடித்துக்கொண்டிருந்தபோதுதான் சிவானந்தன் குனிந்து தவமலரின் காதருகே வந்தார்.

"அக்கா, கார்த் திறப்பை எங்கை வைச்சிருக்கிறியள்?"

தவமலர் நிமிர்ந்து பார்த்தாள். முன்னறையின் நடுவில் பெட்டி திறந்திருந்தது. உள்ளே அவளுடைய புருஷன் பாலேந்திரா, வாழ்நாளில் ஒருநாளும் பூசாத பவுடரைப் பூசிக்கொண்டு பட்டு வேட்டியில் படுத்திருந்தார். குருக்கள் பாடிக்கொண்டிருந்தார். கால் வைக்க இடமில்லாத அந்த லண்டன் நோர்பரி வீட்டில் சொந்தக்காரர் மாடிப்படிகளிலும் நின்று அழுதார்கள். புருஷனின் கூட்டாளியான இந்த மனிதருக்கு மட்டும் கார்த் திறப்பு வேண்டியிருந்தது.

"ஏன்?"

"சலஞ்சரைக் கொஞ்சம் சூடாக்கி வைக்கோணும் அக்கா. வி-எயிட் எஞ்சின் எல்லே, இந்தக் குளிரிலை உடனை எடுக்கக்கூடாது. அர்ஜுன் அப்பாவின்ரை காரிலைதான் போகவேணுமாம்."

"சாமித்தட்டிலை கிடக்கும். முருகனுக்குப் பக்கத்திலை."

அதுவும் பாலேந்திராவின் வேலைதான். மற்ற வீடுகளில் திறப்புகள் கதவோரத்து ஆணியில் தொங்கும். இந்த வீட்டில் டொட்ஜ் சலஞ்சரின் திறப்பு விபூதிக்கும் குங்குமத்துக்கும் நடுவில் இருந்தது. பூசை மட்டும்தான் பாக்கி.

அந்தக் காரை நினைத்தாலே தவமலருக்குப் பற்றிக்கொண்டு வரும். செம்மஞ்சள் நிறம், முதுகில் இரண்டு கறுப்புப் பட்டை. புலி வேஷம் கட்டினவனைப் போல அது வாசலில் நிற்கும். ஒரு காருக்குரிய இடத்தில் நிற்காது, பக்கத்து வீட்டுக்காரியின் இடத்திலும் பாதியைப் பிடிக்கும். எழுப்பினால் தெரு முழுவதும் யன்னல் கண்ணாடிகள் அதிரும். போதாக்குறைக்கு அமெரிக்காவிலிருந்து வந்ததால் ஸ்டியரிங் இடப்பக்கம். ஊரெல்லாம் வலப்பக்கம் இருந்து ஓட்டுகிற லண்டனில் இவர் மட்டும் நடைபாதையோரமாக இருந்து ஓட்டுவார்.

அவளுக்கு இதில் பேச உரிமை இருந்தது. தவமலர் வாகனம் ஓட்டப் பழக்குகிறவள். நோர்பரியிலும் தோன்ரன் ஹீத்திலும் ஸ்டியரிங் பிடிக்கிற தமிழ்ப் பெண்களில் பாதிப்பேர் அவளுடைய வெள்ளை யாரிஸ் காரில் அழுது, நடுங்கி, பிறகு லைசென்ஸ் எடுத்தவர்கள். காரென்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒருவரையும் இடிக்காமல் போய்ச் சேருகிற சாமான் என்பது அவளுடைய முடிவு. அதற்கு மேல் காரைப் பற்றிப் பேசுகிற ஆண்களை அவள் மனிதராக மதிப்பதில்லை.

பாலேந்திராவின் கூட்டாளிகளோ அதற்கு மேல் மட்டும்தான் பேசினார்கள். 'லண்டன் தமிழ் மசில் கார் நண்பர்கள்' என்று அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. மசில் கார் என்றால் உறுமுகிற பெரிய எஞ்சின் வைத்த அமெரிக்கக் கார். தலைவர் சிவானந்தன், கணக்காளர், சத்தமே போடாத பிரியஸ் ஓட்டுகிறவர். செயலாளர் செபமாலைமுத்து, மனைவியின் நிசானை ஞாயிறுகளில் இரவல் வாங்குகிறவர். அந்தக் குழு முழுவதிலும் உண்மையில் ஒரு மசில் கார் வைத்திருந்தவர் பாலேந்திரா ஒருவர்தான். மிச்சப் பேர் கருத்து வைத்திருந்தார்கள். மஸ்டாங் நல்லதா கமாரோ நல்லதா என்று, அமெரிக்காவை யூடியூப்பில் மட்டும் கண்டவர்கள், இந்த வீட்டின் பின்வளவில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். பெற்றோல் ஸ்ரேசனில் மனேஜராக இருந்த பாலேந்திரா நாள் முழுக்கப் பெற்றோல் மணத்தில் நின்றுவிட்டு வந்து, இவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, வாய் திறவாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஸ்ரேசனிலேயே போன கிழமை கவுண்டருக்குப் பின்னால் சாய்ந்து விழுந்து போய்விட்டார்.

கூட்டமெல்லாம் கலைந்தபிறகு, ஞாயிறு பின்னேரங்களில், பாலேந்திரா குசினி வாசலில் வந்து நிற்பார்.

"தவம், சும்மா ஒரு ரவுண்ட். வாறியோ?"

"நான் கிழமை முழுக்கப் பக்கத்து சீற்றிலை இருந்து சாகிறன். ஞாயிற்றுக்கிழமையும் இருக்கோணுமோ? உங்கடை கூட்டாளியளைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அவர் சிரிப்பார். போவார். சத்தம் தெருமுனை வரை போய்த் தேயும். ஒரு தடவை, ஆத்திரத்தில், அந்தச் சனியனுக்குள் தன் பிணம்கூட ஏறாது என்றும் சொல்லியிருக்கிறாள். அதற்கும் அவர் சிரித்தார். ஆனாலும் அடுத்த ஞாயிறும் குசினி வாசலில் வந்து நின்றார்.

வாய்க்கரிசி போடுகிறபோது பின்வளவிலிருந்து குரல்கள் கேட்டன.

"கொர்வெட்டை மசில் கார் எண்டு சொல்லாதை சிவா. அது ஸ்போர்ட்ஸ் கார். மசில் கார் எண்டால் பின்சீற் இருக்கோணும்." இது செபமாலைமுத்து.

"பின்சீற் இருந்தால் மசில் கார் எண்டால், என்ரை பிரியஸும் மசில் கார்தான்."

"பகிடி விடாதை. இனி வாறதெல்லாம் பற்றரியாம். ஸ்பீக்கரிலை உறுமுமாம். பாலா அண்ணை நல்ல நேரத்திலை போயிட்டார்."

தவமலரின் கையில் அரிசி இருந்தது. அந்தப் பிடி அரிசியை யன்னலால் அவர்களுடைய தலையில் எறிய வேண்டும் போல அவளுக்கு இருந்தது. புருஷனின் வாயில் மெல்ல வைத்தாள்.

"உங்கடை ஆக்கள் வந்திருக்கினம்," என்று அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். "நல்லாக் கேளுங்கோ."

பெட்டி மூடி வெளியே போனது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாலேந்திராவின் தமக்கை புனிதா வாசலில் கையை நீட்டிப் பெண்களை மறித்தாள்.

"தவம், பொம்பிளையள் படலையோடை நிக்கிறது. சுடலைக்கு ஆம்பிளையள் போகட்டும்."

"இங்கை எல்லாரும் போயினம் மச்சாள்."

"எல்லாரும் போகட்டும். எங்கடை வீட்டிலை அந்த வழக்கமில்லை."

தவமலர் வாதாடவில்லை. கிரிமற்றோரியத்துக்குப் போய் அங்கும் கொர்வெட் கதை கேட்பதைவிடப் படலை நல்லது. சவ ஊர்தி நகர்ந்தது. பின்னால் மாமன் மச்சான்மாரோடு கறுப்பு லிமோசின் போனது. அதற்குப் பின்னால் போக வேண்டியது சலஞ்சர்.

சலஞ்சர் போகவில்லை.

உறுமியது, அதற்கொன்றும் குறைவில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதற்கு முன்னால் வீடு திருத்துகிற ஆட்களின் வான் ஒன்று உயரமாக நின்றது. இடப்பக்க சீற்றில் இருந்த சிவானந்தனுக்கு அந்த வானைத் தாண்டி எதிரே என்ன வருகிறதென்று ஒரு துளியும் தெரியவில்லை. மூக்கை நீட்டுவார், எதிரே கார் வரும், பிரேக்கை மிதிப்பார். மறுபடி நீட்டுவார். செபமாலைமுத்து தெருவில் இறங்கி நின்று ஒரு கையால் வா என்றும் மறு கையால் நில் என்றும் காட்டினார். ஊர்தியும் லிமோசினும் தெருமுனையில் திரும்பி மறைந்தன.

பின்சீற்றில் அர்ஜுன் ஈர வேட்டியோடு, மடியில் பூத்தட்டை வைத்துக்கொண்டு இருந்தான். கிரிமற்றோரியத்தில் அவர்களுக்குக் கொடுத்த நேரம் மதியம் ஒரு மணி. அதைத் தவறவிட்டால் அடுத்த குடும்பம் உள்ளே போய்விடும். அங்கே தகனப் பொத்தானை அழுத்த வேண்டியவன் அர்ஜுன். மகன் இல்லாமல் பாலேந்திராவை உள்ளே தள்ளுவார்கள், அல்லது திருப்பி அனுப்புவார்கள். கருத்துச் சொல்லிச் சொல்லியே மனிதனைக் கடைசியில் நடுத்தெருவில் விட்டுவிட்டார்களே என்று தவமலருக்கு உச்சியில் ஏறியது.

அவள் படலையைத் திறந்தாள்.

"தவம்!" என்றாள் புனிதா.

"ஒரு வானைத் தாண்டத் தெரியேல்லை மச்சாள். இவையள் எனக்குக் கார்க் கதை சொல்லினம்."

மாணவிகளுக்குப் பக்கத்தில் இருக்கிற பழக்கத்தில் இடப்பக்கக் கதவுக்குப் போய்த் திறந்தாள். அங்கே சிவானந்தன் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி வேர்த்துப்போய் இருந்தார். கதவை அடித்துச் சாத்திவிட்டுச் சுற்றி வந்து வலப்பக்கத்தைத் திறந்தாள். அந்த சீற்றுக்கு மட்டும் பொலித்தீன் உறை போட்டிருந்தது. அதுதானே பார்த்தேன், கஞ்சன் என்று நினைத்தபடி ஏறி உட்கார்ந்தாள். உறை சரசரத்தது. யாரிஸில் அவள் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், மாணவிகள் பதறினால் மிதிப்பதற்கு. இங்கே கால் வெறும் கம்பளத்தைத் தடவியது.

"அக்கா, நீங்களோ..." என்றார் சிவானந்தன்.

"கதையை விட்டிட்டுக் காலைப் பிரேக்கிலை வையுங்கோ. பொறுங்கோ. ஒரு சைக்கிள் வருது. பொறுங்கோ. ம், இப்ப."

சலஞ்சர் வானைத் தாண்டியது. செபமாலைமுத்து பின்னால் கொஞ்ச தூரம் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். யாரும் நிற்பாட்டவில்லை.

லண்டன் றோட்டில் ஏறியதும் முன்னால் ஒரு பஸ் நின்றது. டிரைவர் மாறுகிற இடம். இறங்கினவர் போய்விட்டார், ஏற வேண்டியவரைக் காணவில்லை. சிவானந்தன் அதன் முதுகோடு காரை ஒட்டி நிறுத்தினார்.

"ஏன் நிக்கிறியள்?"

"பஸ் எடுக்கட்டும் அக்கா."

"அது இப்போதைக்கு எடுக்காது."

"பாலா அண்ணையும் இப்பிடித்தான். பஸ்ஸைக் கண்டால் பின்னாலைதான் நிப்பார். ஒருக்காலும் முந்தினதில்லை. நாங்கள் நக்கலடிக்கிறனாங்கள், இவ்வளவு குதிரை வலுவை வைச்சுக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலை ஊருறியள் எண்டு."

"ஏனாம் முந்தாதவர்?"

"இடப்பக்கம் இருந்தால் எதிர்ப்பக்கம் தெரியாதே அக்கா. பக்கத்திலை ஒராள் இருந்து பாத்துச் சொல்லோணும்."

"நீங்கள் இத்தினை பேர் இருந்தனீங்கள். ஒருத்தருக்கும் பாத்துச் சொல்லத் தெரியாதோ?"

வைப்பர் ஒரு தடவை இழுபட்டது. பின்னாலிருந்து அர்ஜுன்தான் பேசினான்.

"அப்பா இருக்க விடமாட்டார் அம்மா. நாங்க ஆல்வேஸ் பின்னுக்குத்தான். அங்கிளும் பின்னுக்குத்தான்."

"ஏன்? சீற் ஊத்தையாப் போயிடுமோ?"

"அப்பிடியில்லை." அவன் பூத்தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்த சீற்றுக்கு ஆள் இருக்கு எண்டு சொல்லுவார்."

ஆள் இருக்கு. யாழ்ப்பாணத்து பஸ்களில் சீற்றில் கைலேஞ்சியைப் போட்டுவிட்டுச் சொல்கிற சொல். லேஞ்சியைப் போட்டவர் அந்த ஆள் வரும் வரை மற்றவர்களின் முறைப்பையெல்லாம் வாங்கிக்கொண்டு நிற்பார்.

தவமலர் கையைத் தொடைக்குக் கீழே விட்டுப் பொலித்தீன் உறையைத் தடவிப் பார்த்தாள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு கீறல் இல்லை. மடச் சாம்பிராணி, என்று தனக்குள்ளேயே அவரை ஏசினாள். வாயைத் திறந்து சொன்னால் என்ன? எனக்கு வலப்பக்கம் தெரியேல்லை, நீ வந்து இருந்து சொல்லு எண்டு ஒருக்கால் சொன்னால் என்ன? சும்மா ஒரு ரவுண்ட் எண்டால் எந்த மனிசிக்கு விளங்கும்? இப்போதும் ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்தோடு கூடவே, கிழமை முழுக்க வராத அழுகையும் வந்தது. அழுதால் றோட் தெரியாது. அவள் தன்னுடைய மாணவிகளுக்கு எத்தனையோ தடவை சொன்ன புத்திமதி அது. சேலைத் தலைப்பால் இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்தாள்.

பிறகு யன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். தூறல் முகத்தில் விழுந்தது. பஸ்ஸுக்கு அப்பால் எதிரே ஒரு லொறி வந்துகொண்டிருந்தது.

"பொறுங்கோ."

லொறி போனது. அதன் பின்னால் ஒரு கார். அதுவும் போனது. தூரத்தில், சிக்னலில், சவ ஊர்தியின் கூரையில் வைத்த மஞ்சள் பூவில் எழுதிய பெயர் தெரிந்தது.

"அக்கா?" என்றார் சிவானந்தன்.

"ஒருத்தரும் வரேல்லை," என்றாள் தவமலர். "எடுங்கோ."

சலஞ்சர் ஒரு தடவை பெரிதாக உறுமி, முதல்முறையாக ஒரு பஸ்ஸை முந்தியது. அவள் தலையை உள்ளே எடுக்கவில்லை. வலப்பக்கத்தைப் பார்த்தபடியே இருந்தாள்.