கொம்புக்கும் தவணை

எங்கள் கூவா ஊர்ப் பக்கத்தில் ஒருவனுடைய பெண் இன்னொருவனோடு போய்விட்டால், அவனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது என்பார்கள். எனக்கு முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சிமெண்ட் கல் பட்டறையில் வேலை முடித்து வீட்டுக்கு வந்தால் என்னோடு குடியிருந்த ஆர்லீன் இல்லை, கட்டில் இல்லை, ஃபிரிட்ஜும் இல்லை. உள்ளே இருந்த மீன் குழம்பை மட்டும் எனக்காகத் தரையில் இறக்கி வைத்திருந்தாள். அவ்வளவு நல்ல மனசு.

கட்டிலும் ஃபிரிட்ஜும் தவணைக்கு எடுத்தவை. அவள் ஆசைப்பட்டாள், நான் கையெழுத்துப் போட்டேன். மாதம் அறுநூற்று நாற்பது டாலர், இன்னும் பதினாலு மாதம்.

பட்டறையில் என்னோடு வேலை பார்க்கும் சீப்பர்சாத் விடுவானா?

"ஏன்டா ஹாலிஸ், ஊர்ல எல்லாருக்கும் கொம்பு ஓசியில முளைக்குது. நீ ஒருத்தன்தான்டா கொம்புக்கும் தவணை கட்டுற!"

"கட்டில் அங்க இருக்கு, கடன் இங்க இருக்கு. நான் என்னடா பண்ண?"

"மெத்தையும் சேர்த்துத்தானே கட்டுற? தாராளம்டா உனக்கு."

கையெழுத்துப் போட்டபோது எனக்குப் படிக்கத் தெரியாது. அதற்கப்புறம்தான், நாற்பத்தாறு வயதில், சர்ச் வகுப்பில் எழுத்துக் கூட்டினேன். இப்போது அந்தத் தாளை எடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். கடைசித் தவணை வரைக்கும் சாமான் கடைக்குச் சொந்தம், கடையைக் கேட்காமல் அதை வேறு வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியில் விரலை வைத்தபடியே கடைக்குப் போனேன்.

வசூல் பார்க்கும் மிஸ் கெசியா சொன்னாள்: "சாமான் யார்கிட்ட இருக்கோ அவர் கையெழுத்துப் போட்டா, கணக்கு மொத்தமா அவர் பேருக்கு மாறிடும். மாட்டேன்னா நாங்க தூக்கிட்டு வந்துடுவோம். ஆனா அப்ப அபராதமா ஏழு தவணை நீங்க கட்டியாகணும்."

எனக்கு வேண்டியது அந்த ஒரு கையெழுத்து.

சனிக்கிழமை கடை லாரியிலேயே, ஆர்லீன் குடிபோயிருந்த பிரின்சஸ் டவுன் வீட்டுக்குப் போனோம். அவளைக் கூட்டிப்போன வின்ஸ்லோ, மேக்ஸி டாக்ஸி வேன் ஓட்டுகிறவன், கழுத்தில் தங்கச் சங்கிலியோடு, நான் தவணை கட்டும் கட்டிலில் படுத்திருந்தான். அடுப்படியிலிருந்து ஆர்லீன் எட்டிப் பார்த்தாள்.

"வந்துட்டாரு! என்ன, கட்டிலைக் கட்டிப்பிடிச்சு அழப்போறியா?"

மிஸ் கெசியா தாளையும் பேனாவையும் நீட்டினாள். வின்ஸ்லோ தாளை ரொம்ப நேரம் முறைத்தான். பிறகு சட்டை போடாத மார்பில் பையைத் தடவினான்.

"கண்ணாடியை வண்டியில வச்சிட்டேன். யாராவது படிங்க."

எனக்குச் சிரிப்பு முட்டியது. இருபத்தைந்து வருஷம் நானும் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத்தான் திரிந்தேன்.

ஆர்லீன் கரண்டியோடு ஓடிவந்து தாளைப் பிடுங்கினாள். "இதுல என்ன இருக்கு? 'கீழே கையெழுத்துப் போடவும்.' அவ்வளவுதான் ராசா, போடு."

எனக்கும் அவள் அந்த ஒரு வரியைத்தான் படித்துக் காட்டினாள். ராசா என்றுதான் அன்றும் சொன்னாள்.

பேனா அவன் விரலுக்கு வந்துவிட்டது. இன்னும் அரை நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் தலை தப்பிவிடும். அந்த ராசா மட்டும் காதில் விழாமல் இருந்திருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

"இங்க குடு, நான் படிக்கிறேன்" என்றேன்.

தலைப்பிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'அபராத வட்டி' மட்டும் இரண்டு தடவை இடறியது. மிஸ் கெசியா கடிகாரத்தைப் பார்த்தாள். வேலியோரம் நாலு தலை சேர்ந்துவிட்டது. பதினாலு மாதம், மாதத்துக்கு அறுநூற்று நாற்பது என்ற இடம் வந்ததும் வின்ஸ்லோ எழுந்து உட்கார்ந்தான்.

"எல்லாம் கட்டி முடிச்சாச்சுன்னு சொன்னியேடி?"

"முடிஞ்ச மாதிரிதான்னு சொன்னேன்."

அவன் பேனாவைத் தலையணைமேல் வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, "கண்ணாடியை எடுத்துட்டு வரேன்" என்று வெளியே போனான். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் மரியாதைக்குக் காத்திருந்தோம்.

ஆட்கள் கட்டிலைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

"அப்ப ஏழு தவணை உங்க தலையில, மிஸ்டர் ஹாலிஸ்" என்றாள் மிஸ் கெசியா.

"கட்டுறேம்மா."

ஆர்லீன் கரண்டியை இடுப்பில் ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாலு எழுத்துப் படிச்சதுல இருந்து நீ ரொம்பக் கெட்டுப்போயிட்ட, ஹாலிஸ்."